பாப்பாவுக்கு எந்தக் குச்சி?

காவேரிப்பட்டணம்
மாசி, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பொட்டி,

கல்யாண வயதில் மகன் இருக்கும் ஆளை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கீபோர்டை நீ விற்றுவிட்டாலும் பெயரை விற்கவில்லையே. நானும் இந்த ஊரில் இன்னும் 'குச்சி'தான். மண்டிக்கு வருகிற பையன்கள், அவர்கள் பிறக்கும் முன்பே நான் டிரம்ஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டேன், அவர்களும் 'குச்சி அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதனால் அந்தப் பெயர் என்று ஒருத்தனுக்கும் தெரியாது. நான் ஒல்லியாக இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள் போல.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து, 'இந்த வருஷம் பூ எப்படிண்ணா?' என்று கேட்டுக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பூ நன்றாகத்தான் இருக்கிறது. மாம்பூவை நம்பி யாராவது கடன் வாங்குவார்களா? பிஞ்சு நிற்கட்டும், அப்புறம் பேசுவோம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, ஆனால் வாய் குறையவில்லை. நீ வந்தால் களி கிண்டிப் போடுவதாகச் சொல்கிறாள். பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், வாரம் ஒருமுறை வருகிறான். வேறு சேதி இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'பாப்பா டிரம்ஸ் கத்துக்கிறா, என்ன குச்சி வாங்கலாம்?' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் உன் சர்க்கரை அளவுக்குப் போய்விட்டாய். மற்ற விவரத்தை எல்லாம் கடிதத்தில் அங்கங்கே தெளித்திருந்தாய். அந்த ஒரு வரி என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை, மாப்ள. இருபது வருஷம் தப்பான குச்சியில் வாசித்தவன் நான். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். எது கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

நம் குழுவில் டிரம்ஸுக்கு மைக் கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? பாடுகிறவர்களுக்கு இரண்டு, உன் பொட்டிக்கு ஒன்று, தபேலாவுக்கு ஒன்று. எனக்கு ஆண்டவன் விட்ட வழி. சத்தம் வரவேண்டுமே என்று, கிடைத்ததிலேயே தடியான குச்சியாகப் பார்த்து வாங்கினேன். 2பி. கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர் கனம். என் கையோ சின்னக் கை. ராயக்கோட்டைக் கல்யாணத்தில் இரண்டாவது பாட்டிலேயே வலதுகைக் குச்சி பறந்துபோய் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் விழுந்ததே, அது வியர்வையால் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அவர் அதை வெற்றிலைத் தட்டில் வைத்து மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். வியர்வை பாதிக் காரணம்தான். கைக்கு அடங்காத குச்சியை நான் இறுக்கிப் பிடிக்கவும் முடியாமல், தளர்த்திப் பிடிக்கவும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னாளில் மணிக்கட்டு வீங்கி டாக்டரிடம் போனபோது, 'என்ன வேலை?' என்றார். 'மாங்காய் மண்டி' என்றேன். மூட்டை தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் ஒரு மூட்டைகூட நான் தூக்கியதில்லை.

அதனால் முதலில் இந்த எண்ணையும் எழுத்தையும் புரிந்துகொள். கடைக்காரன் 5ஏ, 5பி என்று அடுக்கும்போது சட்டை அளவு மாதிரி இருக்கும். அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் அது. எஸ் என்றால் தெருவில் அணிவகுத்துப் போகும் வாத்தியத்துக்கு, பி என்றால் பேண்டுக்கு, ஏ என்றால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதற்கு ஏ என்று கேட்காதே. அச்சில் ஓ-வைவிட ஏ அழகாகத் தெரிகிறது என்று வைத்துவிட்டார்களாம். நம் ஊரில் வண்டி நம்பரை ராசி பார்த்து வாங்குவதில்லையா, அப்படி. பொதுவாக எண் கூடினால் குச்சி மெலியும். விக் ஃபர்த் என்ற அமெரிக்கக் கம்பெனியின் குச்சிகளில் 7ஏ 13.7 மில்லிமீட்டர், 5ஏ 14.4, 5பி 15.1. நீளம் 5ஏ-வுக்கு 16 அங்குலம், 7ஏ அரை அங்குலம் குட்டை. கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். அதனால் ஒரு கம்பெனி 5ஏ பிடித்தது என்றால் இன்னொரு கம்பெனி 5ஏ-வும் பிடிக்கும் என்று நினைத்துவிடாதே.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வித்தியாசத்தில் என்ன வந்துவிடும் என்று உனக்குத் தோன்றும். பேனாவை நினைத்துப் பார். ரீஃபில் மட்டும் எடுத்து ஒரு பக்கம் எழுது, தடித்த மார்க்கரில் ஒரு பக்கம் எழுது. இரண்டிலும் விரல் வலிக்கும். ரொம்ப மெல்லிய குச்சியும் கைக்கு ஆகாது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். மெலிந்த குச்சி நழுவிவிடுமோ என்று உள்ளங்கை தானாக இறுகும். இறுகினால் குச்சி எகிறாது. எகிறாத குச்சியை ஒவ்வொரு அடிக்கும் நீயே தூக்கவேண்டும், மணிக்கட்டு போச்சு. நல்ல குச்சி ஒரு தடவை போட்டால் தோலில் பட்டுத் தானாக எழும்ப வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற இடத்தில் அது ஊஞ்சல் மாதிரி ஆடவேண்டும். அடிப்பக்கத்திலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடித்தால் பெரும்பாலான குச்சி அப்படி ஆடும். எந்த இடத்தில் நன்றாக எகிறுகிறது என்று பாப்பா அரை அங்குலம் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கட்டும்.

மணிக்கட்டுக்குப் பலம் வரும் என்று அவளுடைய மாஸ்டர் 5பி வாங்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொல்வதில் தப்பில்லை. தடித்த குச்சியில் பயிற்சி செய்கிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் பதிமூன்று வயசுப் பிள்ளை, இடது கை சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். பலம் அப்புறம் வரும். முதலில் கை பயப்படாமல் திறக்கட்டும். மாஸ்டரிடம் மரியாதையாகச் சொல்லு, ஆறு மாசம் கழித்து 5பி வாங்கிக்கொள்கிறோம் என்று. என் பெயரைச் சொல்லாதே.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டாய். இல்லை, நீ சொல்ல மறந்துவிட்டாய்: அவள் எதன் மேல் வாசிக்கிறாள்? குச்சியைக் கைக்குப் பார்த்து வாங்கவேண்டும் என்பார்கள். அடி வாங்குகிற பொருளையும் பார்க்கவேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். குமாரசாமிப்பேட்டைத் தைப்பூசத் தேருக்கு, பெண்கள் மட்டும் வடம் பிடிக்கிற தேர், நாம் சைக்கிளில் தருமபுரிக்குப் போனோமே, அன்றைக்குத் தவில்காரர் பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். வலது கையில் விரலுக்கு விரல் கூடு. இடது கையில் குட்டையாக, தடியாகப் பூவரசங்குச்சி. ஓய்வில் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும், கையில் கல் மாதிரி உட்கார்ந்தது. தொப்பி என்கிற இடது பக்கத்திலிருந்து அந்தக் கனத்த நாதத்தை எழுப்ப அப்படி ஒரு குச்சி வேண்டும். அதை வைத்துக்கொண்டு டிரம்ஸில் உலோகத் தட்டாக இருக்கிற சிம்பலில் தட்டினால் உடைந்த தட்டுச் சத்தம்தான் வரும். பறையைப் பார். ஒரு கையில் நீளமாக, மெல்லிசாக, மூங்கிலில் சீவிய சிம்புக் குச்சி. மறு கையில் குட்டையாக அடிக்குச்சி. இரண்டும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு மரம், வெவ்வேறு நீளம். ஜோடி என்ற பேச்சே இல்லை.

டிரம்ஸ் குச்சிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரே ஜோடி ஸ்நேர் டிரம்மையும் அடிக்கவேண்டும், டாம் டிரம்மையும் உருட்டவேண்டும், ஹை-ஹாட் என்கிற இரட்டைச் சிம்பலில் கிசுகிசுக்கவும் வேண்டும். அதனால் எதை அதிகமாக வாசிக்கிறாளோ அதற்குக் குச்சியைச் சாய்க்கவேண்டும். உன் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் கவனித்தேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறாள், பெரியவர்கள் சத்தம் அதிகம் என்கிறார்கள் என்று. அதுதான் விஷயமே! சின்னக் கட்டடம், சிமெண்ட் சுவர், தகரக் கூரை. அங்கே 5பி எடுத்துப்போனால் பாட்டு எங்கே கேட்கும்? மெதுவாக வாசி என்று பிள்ளையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கனமான குச்சியில் மெதுவாக வாசிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். மெல்லிய குச்சி கொடு. அதுவும் அதிகம் என்றால் 'ராட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, ஒல்லியான மரக்குச்சிகளை ஈர்க்குச்சிக் கட்டு மாதிரிச் சேர்த்துக் கட்டியது. அடி விழும், இடி விழாது. ஆனால் எகிறாது. அதை மட்டுமே வாசித்தால் கை கெட்டுப்போகும், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

மரம் என்றால் மூன்று: ஹிக்கரி, மேப்பிள், ஓக். கடையில் தொங்குவதில் பெரும்பாலும் ஹிக்கரிதான். அமெரிக்கப் பக்கத்து மரம். அடியின் அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு கைக்குக் கொஞ்சம்தான் அனுப்பும். மேப்பிள் லேசு. அதே தடிமனில் இருக்கும், எடை குறையும். பெரிய கைக்கு, மெதுவான பாட்டுக்கு அருமை, ஆனால் ரிம்ஷாட், அதாவது தோலையும் விளிம்பையும் ஒரே அடியில் சேர்த்து, அடிக்கிறவன் கையில் சீக்கிரம் உடையும். ஓக் கனம், உறுதி, அடித்தால் உள்ளங்கை வரைக்கும் தெரியும். பாப்பாவுக்கு ஓக் வேண்டாம்.

டிப், அதாவது குச்சியின் நுனி, பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய். அவ்வளவு கவலை வேண்டாம். உருண்டை டிப் சிம்பலில் தெளிவாகப் பேசும், எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒரே மாதிரி. நீர்த்துளி மாதிரி இருப்பது கொஞ்சம் கனத்த குரல். நைலான் டிப் 1958-இல் அமெரிக்காவில் ஜோ கலாட்டோ என்பவர் கொண்டுவந்தது, மர டிப் சிம்பலில் தேய்ந்து பிசிறுகிறது என்ற எரிச்சலில். சத்தம் பளிச்சென்று இருக்கும். எனக்கு அந்தப் பளிச் பிடிக்காது, ஈயப் பாத்திரத்துக்கு எவர்சில்வர் முலாம் போட்டது மாதிரி. ஆனால் வீட்டில் வலைத்தோல் போட்ட எலெக்ட்ரானிக் கிட் இருந்தால் நைலானே நல்லது. பிசிறு விட்ட மர டிப் அந்த வலையைக் கிழித்துவிடும்.

ஆனால் ஒன்று. எந்தக் குச்சி சரி என்று கடையில் தெரியாது, உடைந்த பிறகுதான் தெரியும். உடைந்ததைத் தூக்கிப் போடாதே என்று அவளிடம் சொல். நான் போட்டதில்லை. எங்கே உடைகிறது என்பதில் எல்லாம் எழுதியிருக்கும். டிப்புக்கு அடுத்த கழுத்து அரித்து, எலி கடித்தது மாதிரி மெலிந்து உடைந்தால், ஹை-ஹாட்டின் விளிம்பைக் குச்சியின் கழுத்தால் அடிக்கிறாள் என்று அர்த்தம். அது பாணி, குற்றமில்லை. கழுத்து தடித்த குச்சியாக வாங்கினால் கூடுதல் நாள் வரும். நட்ட நடுவில் பொளேரென்று முறிந்தால் ரிம்ஷாட். அரிக்காமல் கழுத்தில் திடீரென்று போனால் சிம்பலை வெட்டுகிறாள், துடைப்பது மாதிரிப் பக்கவாட்டில் விட்டு அடிக்கவில்லை. அதற்குக் குச்சி மாற்றிப் பயனில்லை, சிம்பலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கவேண்டும். நீளவாக்கில் சீவல் சீவலாகப் பிளந்தால் மட்டும் அவள்மேல் தப்பே இல்லை, மரத்தின் ரேகை கோணல். எனக்கு எப்போதும் நடுவில்தான் முறியும். மைக் இல்லாத கோபத்தை எல்லாம் ஸ்நேர் விளிம்பில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அது புரிய எனக்கு இருபது வருஷமும் ஒரு சாக்கு நிறைய முறிந்த குச்சியும் ஆனது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது எளிது. கண்ணாடி மேஜையில் உருட்டு. தலை ஆட்டிக்கொண்டே உருண்டால் வளைந்த குச்சி, திருப்பிக் கொடு. ரேகை டிப்பிலிருந்து அடி வரைக்கும் நேராக ஓடவேண்டும், கழுத்துப் பக்கத்தில் வெளியே ஓடிவிடக் கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிக் கேள். ஒன்று 'டிங்' மற்றொன்று 'டங்' என்றால் அது ஜோடியே அல்ல. விக் ஃபர்த் என்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் சிம்ஃபனி இசைக்குழுவில் டிம்பனி என்கிற பெரிய முரசு வாசித்தவர். கையில் இருந்த குச்சிகள் பிடிக்காமல் 1963-இல் தானே செய்து விற்க ஆரம்பித்தவர். குச்சிகள் கீழே விழுந்தபோது ஆளுக்கொரு சுருதியில் ஒலித்ததைக் கேட்டுத்தான் எடையும் சுருதியும் பார்த்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தார் என்பார்கள். உனக்கு இது பிடிக்கும், சுருதிப் பைத்தியம் நீ. எடையும் பார். ஹிக்கரி 5ஏ ஒன்று 50 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நம் மண்டித் தராசில் 50 கிராம் எல்லாம் தூசி, அதனால் பக்கத்து நகைப் பட்டறைக்கு எடுத்துப்போய் நிறுத்தினேன். பட்டறைக்காரர் பவுனைப் பார்ப்பது மாதிரியே உரசிப் பார்த்துவிட்டு, 'எத்தனை கேரட்?' என்றார்.

ஒரு எச்சரிக்கை. பெங்களூரில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், பெரிய கம்பெனி முத்திரை போட்ட குச்சி பாதி விலைக்குக் கிடைத்தது.  உனக்குத்தான் என் புத்தி தெரியுமே, நான்கு ஜோடி அள்ளிக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். முதல் கச்சேரியிலேயே முத்திரை என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கச்சேரியில் குச்சி போனது. அதைவிட, கம்பெனிப் பெயர் போடாத நம் நாட்டுக் குச்சி வாங்கியிருந்தால் ஏமாற்றம் இருந்திருக்காது. பயிற்சிக்கு அது போதும், உருட்டிப் பார்த்து வாங்கினால்.

வியர்வைக்கு: பளபளவென்று வார்னிஷ் அடித்த குச்சி சிலர் கையில் வழுக்கும், சிலர் கையில் ஒட்டும். வழுக்கினால் பிடிக்கிற இடத்தில் மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடு. ஷட்டில் மட்டைக்குச் சுற்றுகிற டேப் வேண்டாம், அடி கனத்துவிடும். நான் ஒரு சித்திரை முழுக்க சைக்கிள் டியூப் சுற்றி வாசித்தவன், கொப்புளத்தோடு.

எல்லாம் எழுதிவிட்டு யோசித்தேன், இவ்வளவையும் படித்து நீ எங்கே வாங்கப் போகிறாய் என்று. அதனால் நானே வாங்கிவிட்டேன். நாளை பார்சலில் வரும். மூன்று ஜோடி, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஜோடி ராட்ஸ். மூன்றிலும் எண்ணையும் எழுத்தையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்தால் மாஸ்டர் சொன்னது, கூட வாசிக்கிற பிள்ளைகள் வைத்திருப்பது என்று மனசு ஒரு பக்கம் சாயும். அதற்குப் பதில் அடியில் நகப்பாலிஷ் புள்ளி வைத்திருக்கிறேன், சிவப்பு, நீலம், ஊதா. உன் தங்கச்சி திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வாசிக்கட்டும், ஒரே பாட்டை. வாரக் கடைசியில் எங்கே வலித்தது, எது கையில் இருப்பதே மறந்துபோனது என்று மாமாவுக்கு அவளே எழுதட்டும். நீ எழுதாதே, நீ உன் சர்க்கரையைத்தான் எழுதுவாய். பிடிக்காததைத் திருப்பி அனுப்பவேண்டாம், வருகிறபோது கொண்டுவா. சித்திரை கடைசியில் வந்தால் செந்தூரா சாப்பிடலாம்.

என் பழைய சாக்கில் இருந்த முறிந்த குச்சிகளைப் போன மாசம்தான் காலி செய்தேன். அம்மா கொல்லையில் தக்காளி வைத்திருக்கிறாள். அமெரிக்க ஹிக்கரி மரம் எல்லாம் இப்போது காவேரிப்பட்டணத்துத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. 2பி நன்றாகத் தாங்குகிறது.

அன்புடன்,
குச்சி

பி.கு.: சிவப்பு எது, நீலம் எது என்று போன் போட்டுக் கேட்காதே, சொல்லமாட்டேன். மறந்துபோகாமல் இருக்க மண்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.